தோற்றுத் தோற்றுக் கிடைத்த டிராஃப்ட் பிக்: எடுப்பதா, விற்பதா? ஒரு முழுமையான வழிகாட்டி

டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 2023-24 சீசனில் 82 ஆட்டங்கள் ஆடி 14-இல் மட்டும் வென்றது. நடுவில் தொடர்ந்து 28 தோல்வி. ஒரே சீசனுக்குள் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ கண்ட மிக நீளமான தோல்வித் தொடர் அது. இவ்வளவு அடி வாங்கியதற்குக் கூலியாக, அணிகள் ஆண்டுதோறும் முறைவைத்துப் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் கிடைத்தது 5-ஆம் பிக், அதாவது ஐந்தாவதாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை. அதற்கு முந்தைய ஆண்டும் லீக்கிலேயே கடைசி இடம், அப்போதும் 5. அதற்கும் முந்தைய ஆண்டு, 2022-லும் 5 தான்.

அதே டெட்ராய்ட் அடுத்த சீசனில் 44 ஆட்டங்களை வென்று பிளேஆஃபுக்கு (கோப்பைக்கான கடைசிக் கட்டச் சுற்றுகளுக்கு) போனது. அந்த ஆண்டு எடுத்த 5-ஆம் பிக் ரான் ஹாலண்ட் பெஞ்சிலிருந்து இறங்கி ஆடியவர். ஆகவே ஏற்றத்துக்குக் காரணம் வேறு. அதைக் கடைசிப் படிகளில் பார்ப்போம்.

யாருக்கு எந்த பிக் என்று முடிவு செய்யும் மே மாதக் குலுக்கல் முடிந்ததும் ரசிகர்கள் எல்லோரும் “யாரை எடுக்கலாம்” என்றுதான் கேட்பார்கள். மறுகட்டமைப்பில் இருக்கும் அணியில் ஆட்களைச் சேர்ப்பதை முடிவெடுக்கும் ஜெனரல் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் அந்தக் கேள்வி நாலாவதோ ஐந்தாவதோதான் வரும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இருக்கின்றன. உங்களையே அந்த நாற்காலியில் உட்கார வைத்துப் படிப்படியாகப் போகலாம்.

படி 1: குலுக்கலின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

பிளேஆஃபுக்குப் போகாத 14 அணிகள் குலுக்கலில் இருக்கும். ஓர் இயந்திரத்தில் 1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகள். இருபது விநாடி சுழன்றதும் முதல் பந்து, பிறகு பத்துப் பத்து விநாடிக்கு ஒன்றாக மொத்தம் நாலு பந்து வெளியே வரும். 14-இல் நாலை எடுக்க 1001 வழிகள் உண்டு. 11-12-13-14 என்ற ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மீதி 1000 சேர்க்கைகளை அணிகளுக்குப் பங்கு போட்டிருப்பார்கள். இதெல்லாம் மூடிய அறைக்குள், உள்ளே இருப்பவர்களின் செல்ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டு நடக்கும். தொலைக்காட்சியில் உறை பிரிப்பது வெறும் அறிவிப்பு.

2019-இல் வந்த முறைப்படி மிக மோசமான மூன்று அணிகளுக்கும் முதல் பிக் வாய்ப்பு தலா 14 சதவீதம். நாலாவது மோசமான அணிக்கு 12.5, ஐந்தாவதுக்கு 10.5 என்று இறங்கி 14-ஆவது அணிக்கு 0.5. முதல் நாலு இடங்கள் மட்டுமே குலுக்கலில் முடிவாகும், மற்றவை தோல்வி வரிசைப்படி. பழைய முறையில் கடைசி அணிக்கு 25 சதவீதம் இருந்தது.

இதில் பலர் கவனிக்காத எண் ஒன்று உண்டு. கடைசி இடத்தில் முடிக்கும் அணிக்கு 5-ஆம் பிக் கிடைக்கும் வாய்ப்பு 47.9 சதவீதம். டெட்ராய்டுக்கு நடந்ததைத் துரதிர்ஷ்டம் என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது. இருப்பதிலேயே அதிக வாய்ப்புள்ள முடிவு அதுதான். 2025-இல் யூட்டா (17-65), வாஷிங்டன் (18-64), ஷார்லட் (19-63) மூன்றும் தோல்வியில் போட்டி போட்டன. யூட்டாவுக்கு 5, வாஷிங்டனுக்கு 6, ஷார்லட்டுக்கு 4. முதல் பிக்கை 39 ஆட்டங்கள் வென்றிருந்த டல்லஸ் 1.8 சதவீத வாய்ப்பில் அள்ளிக்கொண்டு போனது. அந்த ஆண்டு முதலாவதாக எடுக்கப்பட்ட கூப்பர் ஃப்ளாக் அங்கே போனார்.

ஆக, கடைசி இடத்துக்கும் கடைசியிலிருந்து மூன்றாம் இடத்துக்கும் முதல் பிக் வாய்ப்பில் வித்தியாசமே கிடையாது. எவ்வளவு கீழே விழலாம் என்பதில் மட்டும் வித்தியாசம்: ஒன்று 5 வரை, மற்றது 7 வரை. அந்த இரண்டு இடங்களுக்காக நல்ல ஆட்டக்காரர்களை உட்கார வைத்து அபராதம் கட்டுவது எனக்கு வீண்வேலையாகத்தான் தெரிகிறது. லவ்ரி மார்க்கனன் விஷயத்தில் யூட்டா 2025-இல் 1 லட்சம் டாலர் கட்டியது.

படி 2: அந்த பிக் உண்மையில் உங்களுடையதுதானா?

கேட்க அபத்தமாக இருக்கும், ஆனால் பல அணிகளின் பிக் வேறொருவர் கணக்கில் கடனாக இருக்கும். எப்போதோ செய்த டிரேடில் (அணிகள் ஆட்களையும் பிக்குகளையும் மாற்றிக்கொள்ளும் பேரத்தில்) “முதல் 6-க்குள் வந்தால் எனக்கு, தாண்டினால் உனக்கு” என்று பாதுகாப்பு நிபந்தனை போட்டிருப்பார்கள். பிலடெல்ஃபியா 2020-இல் ஆல் ஹார்ஃபர்டை ஓக்லஹோமா சிட்டிக்கு அனுப்பியபோது கொடுத்த பிக் 2025-இல் இப்படித்தான் வந்து நின்றது. ஐந்தாவது மோசமான அணியாக முடித்த பிலடெல்ஃபியாவுக்கு அதைத் தக்கவைக்கும் வாய்ப்பு சுமார் 64 சதவீதம். குலுக்கலில் 3-ஆம் இடம் விழுந்தது, எட்ஜ்கோம் என்ற புதுமுகம் கிடைத்தார். 7 விழுந்திருந்தால் அந்த சீசனின் சாம்பியன் அணிக்கே போயிருக்கும்.

இந்த நிபந்தனை அணிகளை என்ன பாடு படுத்தும் என்பதற்கு 2023 ஏப்ரல் ஓர் உதாரணம். டல்லஸ் தன் பிக்கை முதல் 10-க்குள் வந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் நியூயார்க்குக்கு. பிளேஆஃபின் கடைசி இடங்களுக்கான பிளே-இன் ஆட்டங்களுக்குப் போகும் வாய்ப்பு இன்னும் இருக்கும்போதே சிகாகோவுக்கு எதிராக முக்கிய ஆட்களை உட்கார வைத்தார்கள். லீக் 7.5 லட்சம் டாலர் அபராதம் போட்டது. ஆனால் 10-ஆம் பிக் தங்கியது. அதை ஓக்லஹோமாவுக்குக் கொடுத்து 12-க்கு இறங்கி டெரிக் லைவ்லியை எடுத்தார்கள், கூடவே பெர்ட்டான்ஸ் என்ற ஆட்டக்காரரின் பெரிய சம்பளத்தையும் கழித்துக்கட்டினார்கள். அடுத்த ஆண்டு லைவ்லியோடு இறுதிச்சுற்றில் ஆடியது டல்லஸ். அபராதத்தை லாபக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

இன்னொரு விதி: டிராஃப்டில் இரண்டு சுற்று உண்டு; அடுத்தடுத்த இரண்டு வருங்கால ஆண்டுகளில் முதல் சுற்று பிக்கே இல்லாமல் போகும்படி டிரேட் செய்யக் கூடாது. 1980-களில் கிளீவ்லாந்தின் உரிமையாளர் டெட் ஸ்டெபியன் பிக்குகளை வாரி இறைத்ததால் வந்த விதி, அவர் பெயராலேயே வழங்குகிறது. அடுத்த ஆண்டு பிக்கை ஏற்கெனவே கொடுத்துவிட்ட அணி, இந்த ஆண்டு பிக்கை டிராஃப்டுக்கு முன் விற்க முடியாது. டிராஃப்ட் அன்று வாங்குபவருக்காக ஆளை எடுத்து, பிறகு அந்த ஆளின் உரிமையைக் கொடுக்கலாம்.

படி 3: அணியில் ஏற்கெனவே நட்சத்திரம் இருக்கிறாரா?

என் பார்வையில் மொத்த வழிகாட்டியும் இந்தப் படியில்தான் நிற்கிறது. உயர்ந்த பிக்கை விற்று ஜெயித்த அணிகளை வரிசையாகப் பாருங்கள்.

2007-இல் பாஸ்டன், அந்த ஆண்டின் முதல் இரு புதுமுகங்களான கிரெக் ஓடனோ கெவின் டுரான்ட்டோ கிடைப்பார்கள் என்று காத்திருந்து, குலுக்கலில் 5-க்கு விழுந்தது. அந்த பிக்கை சியாட்டிலுக்குக் கொடுத்து ரே ஆலனை வாங்கினார்கள், பின்னாலேயே கெவின் கார்னெட் வந்தார், 2008-இல் கோப்பை. 2014-இல் கிளீவ்லாந்து முதல் பிக்கில் எடுத்த ஆண்ட்ரூ விக்கின்ஸையும் முந்தைய ஆண்டின் முதல் பிக் ஆன்டனி பென்னட்டையும் கொடுத்து கெவின் லவ்வை வாங்கியது, 2016-இல் கோப்பை. 2019-இல் லேக்கர்ஸ் 4-ஆம் பிக்கோடு லான்சோ பால், பிராண்டன் இங்கிரம், ஜாஷ் ஹார்ட் ஆகியோரைக் கொடுத்து ஆன்டனி டேவிஸை வாங்கியது, 2020-இல் கோப்பை.

மூன்று இடத்திலும் வாங்குவதற்கு முன்பே ஒருவர் உட்கார்ந்திருந்தார். பாஸ்டனில் பால் பியர்ஸ், மற்ற இரண்டிலும் லெப்ரான் ஜேம்ஸ். இரண்டாவது ஆளை வாங்கத்தான் பிக்கைச் செலவழித்தார்கள். முதல் ஆளே இல்லாத அணி பிக்கை விற்று முப்பது வயதுக்காரர் ஒருவரைக் கொண்டுவந்தால், 35 வெற்றியோடு நடுத்தெருவில் நிற்கும். குலுக்கலில் மேலே வரவும் வாய்ப்பில்லை, பிளேஆஃபில் நிற்கவும் பலமில்லை. விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்ட கதைதான்.

ஆகவே ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். யார் யாருக்கு என்ன வயது, யாருடைய ஒப்பந்தம் எந்தக் கோடையில் முடிகிறது, நாலு ஆண்டு கழித்து இவர்களில் யார் இங்கே இருப்பார்கள். உங்கள் சிறந்த ஆட்டக்காரருக்கு 23 வயது என்றால் பத்தொன்பது வயதுப் பையனுக்காகக் காத்திருக்க நேரம் உண்டு. அவருக்கு 31 என்றால், அந்தப் பையன் தேறும்போது இவர் ஓய்வு பெறும் பேச்சில் இருப்பார். கோல்டன் ஸ்டேட் 2020-இல் இரண்டாம் பிக்கில் ஜேம்ஸ் வைஸ்மனை எடுத்தபோது மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். கறியைச் சுற்றி உடனே கோப்பைக்கு ஆடும் அணியில், கல்லூரியில் மூன்றே ஆட்டம் ஆடிய பையன் எங்கே நின்று கற்றுக்கொள்வார்? (கறி என்றால் ஸ்டெஃப் கறி. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.) 2023-இல் அவர் டெட்ராய்டுக்குப் போனார். அங்கே 2018-இன் இரண்டாம் பிக் மார்வின் பேக்லியும் ஏற்கெனவே இருந்தார். அடுத்தவர் கைவிட்ட உயர்ந்த பிக்குகளைச் சேகரித்தால் அணி ஆகிவிடும் என்று ஒரு காலத்தில் டெட்ராய்ட் நம்பியது.

படி 4: வரிசைப் பட்டியல் வேண்டாம், அடுக்கு போடுங்கள்

1, 2, 3 என்று அறுபது பேரை வரிசையாக எழுதுவது ரசிகர்களுக்குச் சுவாரசியம். முடிவெடுப்பவருக்கு அடுக்குகள்தான் உதவும். முதல் அடுக்கில் ஒருவர், இரண்டாவதில் மூன்று பேர், மூன்றாவதில் ஏழு பேர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் பிக் 2, இரண்டாம் அடுக்கில் மூன்று பேர் என்றால், 4-க்கு இறங்கினாலும் அதே தரத்தில் ஒருவர் நிச்சயம். ஆனால் 5-க்கு இறங்கினால் ஓர் அடுக்கே போய்விடும். பேரத்தின் விலை இதிலிருந்துதான் வரும்.

மே மாதம் சிகாகோவில் நடக்கும் கம்பைன் என்ற சோதனை முகாமில் உயரம், கை நீளம், தாவும் அளவு எல்லாம் எடுப்பார்கள். நேர்காணலும் உண்டு. பிறகு அணிகள் தனித்தனியாகக் கூப்பிட்டு ஆட வைத்துப் பார்க்கும். ஏஜென்ட் விரும்பாத ஊருக்குப் பையனை அனுப்பவே மாட்டார். 2025-இல் ஏஸ் பெய்லி டிராஃப்டுக்கு முன் எந்த அணிக்கும் போய் ஆடிக்காட்டவில்லை. யூட்டா அதைப் பொருட்படுத்தாமல் 5-ஆம் பிக்கில் எடுத்தது, அவரும் போய்ச் சேர்ந்தார். எடுத்த அணிக்குத்தான் உரிமை. மிரட்டலுக்குப் பயந்து அடுக்கு தாண்டி இறங்க வேண்டாம்.

மருத்துவ அறிக்கையை மட்டும் பயந்து பயந்து படியுங்கள். 2007-இல் போர்ட்லாந்து டுரான்ட்டைத் தாண்டி கிரெக் ஓடனை முதலில் எடுத்தது, முழங்கால் அவரைத் தொடர்ந்து ஆட விடவில்லை. 2014-இல் ஜோயல் எம்பீடுக்கு டிராஃப்டுக்குச் சில நாள் முன்பு பாத அறுவை சிகிச்சை. பிலடெல்ஃபியா 3-ஆம் பிக்கில் எடுத்துவிட்டு இரண்டு சீசன் முழுக்கக் காத்திருந்தது, பின்னாளில் அவர் எம்விபி (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்). அந்த அணிக்கு அவசரமே இல்லை, அதனால் முடிந்தது. அதே அறிக்கையைப் பார்த்து அதே முடிவை எடுக்க எல்லா அணிக்கும் வசதி இருக்காது.

அடுத்து வருவது பழைய சண்டை: திறமையா, பொருத்தமா? முதல் ஐந்து இடங்களுக்குள் திறமைதான் என்பது என் கட்சி. 1984-இல் ஜோர்டனின் இடத்திலேயே ஆடும் கிளைட் டிரெக்ஸ்லர் இருக்கிறாரே என்று போர்ட்லாந்து சாம் போவியை எடுத்தது, அடுத்த இடத்தில் மைக்கேல் ஜோர்டன் போனார். 2018-இல் டியாரன் ஃபாக்ஸை வைத்திருந்த சாக்ரமென்டோ இரண்டாம் இடத்தில் பெரிய ஆளான பேக்லியை எடுத்தது, மூன்றாவதாக லூக்கா டோன்சிச். மாறாக சான் அன்டோனியோவைப் பாருங்கள். 2025-இல் அதே ஃபாக்ஸ் அங்கே இருந்தார், அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் ஸ்டெஃபன் காசிலும் இருந்தார். இருவரும் பந்தைக் கையில் வைத்து ஆடுபவர்கள். ஆனாலும் இரண்டாம் பிக்கில் மூன்றாவதாக டிலன் ஹார்ப்பரை எடுத்தார்கள். கூட்டம் அதிகமானால் பிறகு ஒருவரை விற்றுக்கொள்ளலாம். எடுக்காமல் விட்டவரைத் திரும்ப வாங்கும் விலை வேறு.

படி 5: உங்கள் முன் உள்ள வழிகள்

*நேராக எடுப்பது.* முதல் அடுக்கில் ஒருவர் இருந்து, அவர் உங்கள் இடத்துக்கு வந்தால், ஃபோனை எடுக்காதீர்கள். 2023-இல் சான் அன்டோனியோ விக்டர் வெம்பன்யாமாவுக்காக யாரிடமும் பேச வேண்டியிருக்கவில்லை. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

*ஒன்றிரண்டு இடம் இறங்குவது.* கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய வழி. 2017-இல் பாஸ்டனிடம் முதல் பிக் இருந்தது. அது தானாக வந்ததல்ல; 2013-இல் கார்னெட், பியர்ஸ் இருவரையும் புரூக்ளினுக்கு அனுப்பியபோது வாங்கி வைத்த உரிமை. அணி அந்த சீசனில் 53 ஆட்டம் வென்றிருந்தது, அவசரம் இல்லை. ஊரெல்லாம் மார்கெல் ஃபுல்ட்ஸ்தான் முதல் என்று சொல்லிக்கொண்டிருக்க, பாஸ்டனின் பட்டியலில் முதலில் இருந்தவர் ஜேசன் டேட்டம். லேக்கர்ஸ் 2-இல் லான்சோ பாலை எடுக்கும் என்பதும் கிட்டத்தட்டத் தெரியும். ஆகவே பிலடெல்ஃபியாவுக்கு 1-ஐக் கொடுத்து 3-ஐயும் ஒரு வருங்கால முதல் சுற்று பிக்கையும் வாங்கிக்கொண்டார்கள். அந்த வருங்கால பிக் கடைசியில் 14-ஆம் இடமாகி ரோமியோ லாங்ஃபர்டாக வந்தது, பெரிதாக ஒன்றும் தேறவில்லை. பரவாயில்லை, எடுக்க நினைத்தவர் எப்படியும் கிடைத்தாரே. ஃபுல்ட்ஸ் தோள்பட்டைப் பிரச்சினையில் சிக்கி பிலடெல்ஃபியாவுக்காக 33 ஆட்டங்களே ஆடினார். டேட்டமும், 2016-இன் 3-ஆம் பிக் ஜேலன் பிரவுனும் 2024-இல் கோப்பை தூக்கினார்கள்.

இந்த வழிக்கு ஒரே நிபந்தனை: உங்கள் பட்டியலும் ஊரின் பட்டியலும் வேறுபட வேண்டும், அது ஊருக்குத் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் பேரம் படியாது.

*மேலே ஏறுவது.* 2018-இல் டல்லஸ் 5-ஆம் பிக்கையும் அடுத்த ஆண்டின் முதல் சுற்று பிக்கையும் அட்லாண்டாவுக்குக் கொடுத்து 3-க்கு ஏறியது. அன்று மேடையில் டோன்சிச் அட்லாண்டா தொப்பியோடும் ட்ரே யங் டல்லஸ் தொப்பியோடும் படம் எடுத்துக்கொண்டார்கள்; இன்றும் அந்தப் படங்களைப் பார்த்தால் வேடிக்கைதான். கொடுத்த பிக் 2019-இல் 10-ஆம் இடமாகி கேம் ரெடிஷ் ஆனது. ட்ரே யங் அட்லாண்டாவை 2021-இல் கிழக்கு மாநாட்டு இறுதி வரை (லீக்கின் அரையிறுதி என்று வைத்துக்கொள்ளலாம்) கொண்டுபோனவர், ஆகவே அட்லாண்டா ஒரேயடியாக ஏமாந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓர் அடுக்கு மேலே இருந்த ஆளுக்கு டல்லஸ் கொடுத்த விலை மலிவு. ஏறுவதென்றால் அடுக்கு மாறும் இடத்தில் மட்டும் ஏற வேண்டும். அதே அடுக்குக்குள் ஏற விலை கொடுப்பதும், வருங்கால பிக்கை நிபந்தனை இல்லாமல் தூக்கிக் கொடுப்பதும் ஆபத்து. 2025-இல் நியூ ஆர்லியன்ஸ் 23-இலிருந்து 13-க்கு ஏற, 2026-இன் முதல் சுற்று பிக்கைப் பாதுகாப்பே போடாமல் அட்லாண்டாவுக்குக் கொடுத்தது. மிக மோசமான சீசனை முடித்துவிட்டு நின்ற அணி அது. அறிவித்த நிமிடமே எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

*வருங்காலத்துக்குத் தள்ளுவது.* அதிகம் பேசப்படாத வழி. 2024-இல் சான் அன்டோனியோவிடம் 4-உம் 8-உம் இருந்தன. 4-இல் காசிலை எடுத்தார்கள். 8-இல் ராப் டில்லிங்காமை எடுத்து மினசோட்டாவுக்குக் கொடுத்து, 2031-இன் முதல் சுற்று பிக்கை எந்த நிபந்தனையும் இல்லாமலும், 2030-இல் பிக் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் வாங்கினார்கள். மினசோட்டாவின் இன்றைய ஆட்டக்காரர்கள் 2031-இல் எங்கே இருப்பார்களோ! கூர்ந்து பார்த்தால் இது வயது வித்தியாசத்தை விற்பது: இன்று ஜெயிக்க வேண்டிய அணிக்கு 2031 கண்ணுக்கே தெரியாது, வெம்பன்யாமாவை வைத்திருக்கும் அணிக்கு அது நல்ல முதலீடு. நாலு இளைஞர்கள் ஏற்கெனவே ஆட்ட நேரத்துக்கு அடித்துக்கொள்ளும் அணியில் ஐந்தாவது ஆளைச் சேர்ப்பதைவிட இது நல்லது. டிராஃப்டே பலவீனமான ஆண்டு என்றால் இன்னும் நல்லது.

*நட்சத்திரத்துக்கு மாற்றுவது.* படி 3-இல் சொன்னதுதான். சமீபத்திய உதாரணம் ஹூஸ்டன். 2025-இல் ஜேலன் கிரீன், டில்லன் புரூக்ஸ், 10-ஆம் பிக், ஐந்து இரண்டாம் சுற்று பிக்குகள் எல்லாம் கொடுத்து 36 வயது டுரான்ட்டை வாங்கியது. கிரீன் 2021-இன் இரண்டாம் பிக். இதைச் செய்ய ஹூஸ்டன் நாலு ஆண்டு காத்திருந்தது. அல்பரன் ஷெங்கூனும் ஆமென் தாம்ப்சனும் நிலைபெற்று, 52 ஆட்டம் வென்ற பிறகுதான் கை வைத்தது.

படி 6: சம்பளமும் தேதிகளும்

முதல் சுற்று ஒப்பந்தம் நாலு ஆண்டு. முதல் இரண்டு உறுதி, அடுத்த இரண்டையும் அணி விரும்பினால் நீட்டிக்கலாம். சம்பளம் இடத்துக்கேற்ப நிர்ணயிக்கப்பட்டது, அதில் 120 சதவீதம் வரை கொடுக்கலாம், எல்லோரும் அதையே கொடுப்பார்கள். 2025-இல் ஃப்ளாக்கின் முதல் ஆண்டுச் சம்பளம் சுமார் 1.38 கோடி டாலர். அந்த சீசனின் சாலரி கேப் (அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் வரம்பு) 15.46 கோடி. அதாவது கேப்பில் 9 சதவீதம். அதே தரத்தில் ஆடும் ஆளைச் சந்தையில் வாங்கினால் 25 முதல் 35 சதவீதம் போகும். உயர்ந்த பிக்கின் உண்மையான மதிப்பு இந்த இடைவெளிதான். அந்த நாலு ஆண்டுக்குள் மற்ற சம்பளங்களைக் கட்ட வேண்டும், பிறகு முடியாது.

டிரேடில் ஒரு நுணுக்கம். ஒப்பந்தம் போடாத பிக்குக்கு டிரேட் கணக்கில் சம்பள மதிப்பு பூஜ்யம். போட்டுவிட்டால் சம்பளம் கணக்கில் சேரும், ஆனால் 30 நாள் அவரைத் தொடக்கூட முடியாது. விக்கின்ஸ் 2014 ஜூலையில் கையெழுத்துப் போட்டார், லவ் டிரேட் ஆகஸ்ட் 23 வரை நின்றது. ஊருக்கே தெரிந்த டிரேடுக்காக ஒரு மாதம் எல்லோரும் முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியாமல் இருந்தார்கள்.

டிராஃப்ட் அன்று முதல் சுற்றில் ஒரு பிக்குக்கு ஐந்து நிமிடம். பேரம் எல்லாம் அதற்கு முன்பே நிபந்தனையோடு பேசி வைத்திருக்க வேண்டும்: “இவர் உன் இடத்தில் இருந்தால் இது, இல்லையென்றால் ஒன்றுமில்லை” என்று.

படி 7: எடுத்துவிட்டீர்கள். இனி?

இங்கேதான் டெட்ராய்டுக்குத் திரும்ப வேண்டும். கேட் கன்னிங்ஹாம் 2021-இன் முதல் பிக். அவரைச் சுற்றி இளைஞர்களாகவே நிரப்பியிருந்தார்கள், தூரத்திலிருந்து போடத் தெரிந்தவர்கள் குறைவு. அவர் உள்ளே நுழைந்தால் மூன்று தற்காப்பாளர்கள் சுற்றி நிற்பார்கள், வெளியே கொடுத்தால் பந்து வளையத்தில் பட்டுத் திரும்பும். 2024 கோடையில் நிர்வாகம் மாறி டிரேஜன் லாங்டன் வந்தார். பயிற்சியாளராக பிக்கர்ஸ்டாஃப். டோபயஸ் ஹாரிஸ், மலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே ஜூனியர் என்று பல ஆண்டு ஆடிப் பழகிய, பந்து போடத் தெரிந்த மூவரைக் கொண்டுவந்தார்கள். யாரும் நட்சத்திரம் இல்லை. 14 வெற்றி 44 ஆனது.

ஹூஸ்டனிலும் இதே கதைதான். இரண்டு ஆண்டு இளைஞர்களை அவிழ்த்துவிட்டு 20, 22 வெற்றி. 2023-இல் பயிற்சியாளராக இமே உடோகா, சுமார் 13 கோடி டாலருக்கு வான்வ்லீட், கூடவே புரூக்ஸ். அடுத்த இரண்டு சீசனில் 41, 52. வான்வ்லீட்டுக்கு அது அதிகச் சம்பளம் என்று அன்று சிரித்தார்கள். புதுமுகங்களின் சம்பளம் குறைவாக இருக்கும் ஆண்டுகளில் அனுபவசாலிக்கு அதிகம் கொடுப்பதால் ஒன்றும் குடிமுழுகிப் போவதில்லை.

நேரம் கொடுப்பதும் இதில் அடக்கம். 2022-இன் இரண்டாம் பிக் செட் ஹோம்கிரென் பாதக் காயத்தால் முதல் சீசன் முழுக்க ஆடவில்லை. ஓக்லஹோமா அந்த ஆண்டும் அவசரப்பட்டு எதையும் வாங்கவில்லை. 2025-இல் அவரோடுதான் கோப்பை.

படி 8: மூன்றாவது கோடை

மூன்று சீசன் முடிந்ததும் பையனுக்கு நீட்டிப்பு ஒப்பந்தம் கொடுக்கலாம். நாலாவது சீசன் தொடங்கும் வரை கெடு. கொடுக்காவிட்டால் நாலாவது ஆண்டு முடிவில் அவர் வேறு அணியின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியும், நீங்கள் அதே விலையைக் கொடுத்து வைத்துக்கொள்ளலாம்.

மூன்று வகையாக முடியும். தேறியவருக்கு இழுத்தடிக்காமல் முழுத் தொகை: டெட்ராய்ட் 2024-இல் கன்னிங்ஹாமுக்கு ஐந்து ஆண்டு, 22.4 கோடி டாலர். அடுத்த சீசனில் அவர் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலான ஆல்-என்பிஏ அணியில் இடம் பிடித்ததால் அது 26.9 கோடி ஆனது, யாரும் வருத்தப்படவில்லை. இரண்டாவது, பேரம் பேசிக் கசந்துபோவது: 2018-இன் முதல் பிக் ஏய்ட்டனுக்கு ஃபீனிக்ஸ் 2021-இல் நீட்டிப்பு தரவில்லை, 2022-இல் இந்தியானா 13.3 கோடிக்கு எழுதிக் கொடுத்ததும் வேறு வழியின்றி அதே தொகையைக் கொடுத்தது, 2023-இல் போர்ட்லாந்துக்கு அனுப்பியது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. ஓக்லஹோமா 2021-இல் 6-ஆம் பிக்கில் எடுத்த ஜாஷ் கிடி நன்றாகப் பந்து கொடுப்பவர், ஆனால் ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர், ஜேலன் வில்லியம்ஸ் பக்கத்தில் பந்து இல்லாமல் நிற்க வேண்டியிருந்தது. 2024 பிளேஆஃபில் டல்லஸ் அவரைத் தனியே விட்டுவிட்டு மற்றவர்களை அடைத்தது. நீட்டிப்புப் பேச்சு தொடங்குவதற்கு முன்பே, பிக் எதுவும் வாங்காமல், ஒன்றுக்கு ஒன்றாக சிகாகோவிலிருந்து அலெக்ஸ் கரூசோவை வாங்கிக்கொண்டார்கள். கரூசோவுக்கு அப்போது 30 வயது, டிராஃப்டிலேயே தேர்வாகாதவர். இரண்டு அணிகளில் சிகாகோவுக்குத்தான் அன்று ஏமாளிப் பட்டம் கிடைத்தது, பிக் எதுவும் கேட்டு வாங்கவில்லையே என்று. பன்னிரண்டு மாதம் கழித்து இந்தியானாவுக்கு எதிரான ஏழு ஆட்ட இறுதிச்சுற்றில் கரூசோ ஓக்லஹோமாவுக்காக ஆடிக்கொண்டிருந்தார்.